பழைய லொறியின் மீற்றர் முள் எந்தப் பக்கம் சாயும்?

பழைய லொறியில் ஒயில் விளக்கு எரிந்தால் சாரதி பதறுவார். எரியாவிட்டால் பாட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டுவார். கவலைப்பட வேண்டியது இரண்டாவது நிலைக்குத்தான். எஞ்சினில் ஒயில் அமுக்கம் நன்றாக இருந்தாலும் அந்த விளக்கு எரியாது. பல்ப் கருகியிருந்தாலும் எரியாது. சுவிச்சுக்குப் போகும் வயர் அறுந்திருந்தாலும் எரியாது. ஆசனத்தில் இருந்து பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றுதான்.

ஆகவே மீற்றர் போட்டில் உள்ள ஒவ்வொரு முள்ளையும் விளக்கையும் பற்றி ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. இதற்குப் போகும் வயர் அறுந்தால் இது எந்தப் பக்கம் சாயும்? ஆபத்து என்று காட்டுமா, எல்லாம் சரி என்று காட்டுமா? புதிய வாகனங்களில் ஒரு கணினி வயர்களைத் தானே சோதித்து, அறுந்தால் அறுந்தது என்று சொல்லிவிடும். எழுபது, எண்பது, தொண்ணூறுகளின் லொறிகளில் அப்படி எதுவும் இல்லை. அவற்றின் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை பழுதானால் வாயை மூடிக்கொள்ளும் வகை. யாழ்ப்பாணத்து உப்புக்காற்று, சுண்ணாம்புத் தண்ணீர், பல கை பட்ட வயரிங் எல்லாம் சேர்ந்து அவற்றை அந்த மௌனத்தின் பக்கமே தள்ளுகின்றன.

பழைய லொறிகளைப் பற்றி இப்போது என்ன பேச்சு என்று கேட்கலாம். 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல்தான் பரவலாகத் திறந்தது. திறந்த பின்னும் விலை எல்லோருக்கும் எட்டுவதாக இல்லை. மருதனார்மடம், சுன்னாகம் சந்தைகளில் இருந்து தம்புள்ளைக்கு வெங்காயமும் மரக்கறியும் ஏற்றும் லொறிகளில், குருநகரில் இருந்தும் பருத்தித்துறையில் இருந்தும் ஐஸ் போட்ட மீனைக் கொண்டு தெற்கே ஓடும் லொறிகளில், கல்லும் மணலும் ஏற்றும் ரிப்பர்களில் எத்தனையோ இன்னும் பழைய இசுசு எல்ஃப், டாட்டா, லேலண்ட் வகைதான். எஞ்சின் நன்றாகவே இருக்கும். ஆசனத்துக்கு முன்னால் உள்ள மீற்றர்களில் பாதி செத்திருக்கும்.

இதற்கு இந்த மண்ணில் ஒரு வரலாறும் உண்டு. 1990 இல் இருந்து நீண்ட காலம் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை இருந்தது. எரிபொருளும் பற்றரியும் தடைப்பட்ட பொருட்கள். ஒஸ்ரின் ஏ40, மோரிஸ் மைனர் கார்கள் சில துளி பெற்றோலில் உசுப்பப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. அந்த நிலையில் மீற்றருக்கு மாற்று உறுப்புத் தேடுவது யாருக்கும் முக்கியமாகப் படவில்லை. வண்டி ஓடினால் போதும். கிடைத்த வயரை எடுத்து, தேவையான இடத்தில் முறுக்கி, டேப் சுற்றி ஓட்டினார்கள். அந்தக் கைத்திறனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதன் மிச்சம் இன்றும் டாஷ்போட்டுக்குப் பின்னால் கிடக்கிறது. கம்பனி வரைபடத்தில் பச்சை என்று போட்டிருக்கும் வயர் பாதி வழியில் கறுப்பாக மாறும். கறுப்பைப் பிடித்துக்கொண்டு போனால் அது ஒரு காலத்தில் பொருத்தி, பிறகு கழற்றிய கசற் றேடியோவுக்குப் போய் நிற்கும். நிறத்தை நம்பி இங்கே வேலை செய்ய முடியாது. வோல்ற்றும் தடையும் அளக்கும் மல்ரிமீற்றர் இல்லாமல் தொடங்கவே கூடாது.

ஒற்றை வயரின் சிக்கனம்

பழைய லொறியில் சென்சர் ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் ஒரு வயர்தான் போகும். மின் திரும்பி வருவது எஞ்சின், கபின், செசி ஆகிய இரும்பு வழியாக. இதைத்தான் ஏர்த் என்கிறோம். செம்பு மிச்சம், வயரிங் சுலபம். எச்சரிக்கை விளக்கும் அதே முறைதான்: சாவியைத் திருப்பியதும் விளக்கின் ஒரு பக்கத்துக்கு மின் வந்து நிற்கும், மறுபக்கத்தைச் சுவிச் ஏர்த்தில் தொட்டால் விளக்கு எரியும். அதாவது எரிவதற்கு வயர், பல்ப், சுவிச், ஏர்த் நான்கும் நலமாக இருக்க வேண்டும். எரியாமல் இருக்க ஒன்று கெட்டால் போதும்.

இரும்பு வழியாக மின் திரும்புவது என்றால், இரும்பும் இரும்பும் சேரும் ஒவ்வொரு போல்ட்டும் வயரிங்கின் ஒரு பகுதி. மீன் லொறியில் ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீர், பண்ணைப் பாலத்தில் காற்றோடு வந்து அப்பும் ஈரம், வலிகாமத்துச் செம்மண் தூசி எல்லாம் அந்த போல்ட்டுகளுக்கு அடியில்தான் போய்த் தங்கும். கபினுக்கும் செசிக்கும் இடையில், எஞ்சினுக்கும் செசிக்கும் இடையில் றப்பர் மவுண்ட் இருப்பதால் அவற்றைப் பின்னிய செம்புப் பட்டி இணைக்கிறது. அந்தப் பட்டி பச்சை பூத்து உதிர்ந்துபோயிருக்கும். பெயின்ற் அடிக்கக் கழற்றியவர் திருப்பிப் போடாமலே விட்டிருப்பார்.

ஏர்த் கெட்டதற்கு நல்ல அடையாளம், சம்பந்தமில்லாத இரண்டு ஒன்றாக ஆடுவது. ஹெட்லைற்றைப் போட்டதும் டீசல் முள் நகரும். சிக்னல் போட்டால் எஞ்சின் சூட்டைக் காட்டும் ஹீற் முள் அதே தாளத்தில் துடிக்கும். பிரேக்கை மிதித்தால் வேறொரு விளக்கு மங்கலாக எரியும். இப்படியான லொறிக்கு மீற்றர் வாங்குவது வீண் செலவு. எஞ்சினை ஓடவிட்டு, எல்லா விளக்கையும் போட்டு, மல்ரிமீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நெகற்றிவ் முனையிலும் மற்றதை மீற்றர் பெட்டியின் ஏர்த் வயரிலும் வைக்க வேண்டும். காட்டுவது 0.2 வோல்ற்றுக்கு மேல் என்றால் இடையில் எங்கோ இரும்பு துருப்பிடித்திருக்கிறது. எஞ்சின் கட்டையிலும் அதே சோதனை. திருத்தம் என்பது அரத்தாளும் ஸ்பனரும்தான்: இரும்பு பளபளக்கும் வரை சுரண்டி, பல்லு வாசர் போட்டு இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே கிறீஸ் பூச வேண்டும். முதலில் பூசிவிட்டு இறுக்குபவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு நான் வாதாடுவதில்லை. உப்பு உள்ளே போகாமல் இருந்தால் சரி.

டீசல் முள்

டாங்கிக்குள் ஒரு மிதவை, அதோடு நகரும் ஒரு தடைச் சுருள். டீசல் ஏற இறங்க அதன் தடை, அதாவது ஓம் கணக்கு, மாறும். முள் அதற்கேற்ப நகரும். எத்தனை ஓமுக்கு எந்த இடம் என்பதில் உலகம் ஒருபோதும் ஒத்துப்போகவில்லை. ஜேர்மன் கம்பனியான விடிஓவின் முறையில் டாங்கி வெறுமையாக இருந்தால் 10 ஓம் அளவு, நிறைந்தால் 180 அளவு. பல ஜப்பானிய வாகனங்களில் நேர்மாறு: வெறுமையில் நூறு ஓம் சொச்சம், நிறைந்தால் சில ஓம் மட்டும்.

இந்த வேறுபாட்டால் இரண்டு காரியம் நடக்கும். முதலாவது, கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய மீற்றர் ஒன்றை அளவு பார்த்து, ஓட்டை பொருந்துகிறதே என்று வாங்கிவந்து பூட்டினால், டாங்கி நிறையும்போது முள் வெறுமைக்கு இறங்கக்கூடும். மீற்றரையும் மிதவையையும் ஒரே குடும்பத்தில் எடுக்க வேண்டும், அல்லது வாங்குமுன் பழைய மிதவையைக் கழற்றி மேலும் கீழும் தூக்கி ஓமை அளந்து குறித்துக்கொண்டு போக வேண்டும். இரண்டாவது, வயர் அறுந்தால் முள் சாயும் பக்கமும் மாறுகிறது. ஜப்பானிய வகையில் அறுந்த வயர் வெறுமை என்று காட்டும். சாரதி எரிச்சல்படுவார், ஆனால் நடுவழியில் நிற்க மாட்டார். விடிஓ வகையில் அறுந்த வயர் டாங்கி நிறைந்திருக்கிறது என்று காட்டும். டாங்கியின் ஏர்த் துருப்பிடித்தாலும் இதே கதைதான்: தடை கூடுவதால் ஜப்பானிய வகை உள்ளதைவிடக் குறைவாகவும், விடிஓ வகை உள்ளதைவிடக் கூடுதலாகவும் காட்டும். டாங்கி பட்டியில் றப்பர் மெத்தையின் மேல் இருப்பதால் இந்தத் துரு மிகச் சாதாரணம்.

சோதனை எளிது. டாங்கியின் மேலுள்ள வயரைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். முள் ஒரு பக்கம் போகும். பிறகு அதே வயரை ஒரு சிறிய பல்ப் வழியாகச் செசியில் சில விநாடி தொட வேண்டும். முள் மறுபக்கம் நகர்ந்தால் மீற்றரும் வயரும் நலம், பழுது மிதவையில் அல்லது டாங்கியின் ஏர்த்தில். நகராவிட்டால் வயரிலும் மீற்றரிலும் தேட வேண்டும். பல்ப் எதற்கு என்றால், பழைய மீற்றர்களை நேரே ஏர்த் பண்ணி அப்படியே விட்டால் உள்ளே உள்ள மெல்லிய சுருள் கருகிவிடும். டாங்கி மூடி திறந்திருக்கும்போது இதைச் செய்ய வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2022 இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்று, பிறகு கியூஆர் அட்டைக்குக் கிழமைக்கு இவ்வளவு என்று அளந்து வாங்கிய நாட்களில் செத்துக்கிடந்த டீசல் முள்ளுகளின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. குச்சி விட்டு அளந்து ஓடினார்கள். அந்த நேரம் கானிலும் பரலிலும் சேர்த்துவைத்த டீசலோடு தண்ணீரும் டாங்கிக்குள் போனது. சில ஜப்பானிய லொறிகளில் வடிகட்டிக்கு அடியில் தண்ணீர் சேர்ந்தால் எரியும் மஞ்சள் விளக்கு ஒன்று உண்டு. அது எரிந்தால் அடித் திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடித்துவிட்டால் போதும். பலர் அதைப் பழுதென்று நினைத்து வயரைக் கழற்றிவிட்டார்கள். பிறகு பம்பும் நொசிலும் துருப்பிடித்துச் செலவு வந்தது.

இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறினால்

பழைய ஆங்கிலேய முறை வண்டிகளில், குறிப்பாக முள் மெதுவாக ஊர்ந்து ஏறும் வகையில், மீற்றருக்குப் பின்னால் தீப்பெட்டியிலும் சிறிய ஒரு தகரப் பெட்டி இருக்கும். பற்றரியின் வோல்ற் ஏறி இறங்கினாலும் மீற்றருக்குச் சீரான அளவில் கொடுப்பது அதன் வேலை. உள்ளே சூடாகி வளையும் ஒரு தகடு மின்னை விட்டுவிட்டு வெட்டும். சராசரி 10 வோல்ற் அளவில் நிற்கும். டீசல் முள்ளும் ஹீற் முள்ளும் இதில் இருந்தே மின் எடுக்கின்றன. ஆகவே இரண்டும் ஒன்றாகக் கூடக் காட்டினால் அல்லது ஒன்றாக விழுந்தால் சந்தேகிக்க வேண்டியது இந்தப் பெட்டியைத்தான். அதன் உடம்பே அதன் ஏர்த். ஒரு ஸ்குறூ தளர்ந்தால் தகடு வெட்டுவதை நிறுத்திவிடும், முழு வோல்ற்றும் போகும், இரண்டு முள்ளும் மேலே ஏறும். ஸ்குறூவை இறுக்கினால் தீரும் பழுதுக்கு றேடியேற்றரைக் கழற்றிய கதைகள் உண்டு.

ஹீற் மீற்றர்

இந்த மீற்றர் போட்டிலேயே மிக மோசமாகப் பொய் சொல்லக்கூடியது இதுதான்.

ஹீற் சென்சரின் தடை சூடு ஏற ஏறக் குறையும். விடிஓவின் பரவலான வகை ஒன்றில் 40 பாகை செல்சியசில் 290 ஓம் அளவில் இருப்பது 120 பாகையில் 22 அளவுக்கு இறங்கிவிடும். தடை கூடினால் முள் குளிர் பக்கம் போகும் என்பது இதன் பொருள். இப்போது தடை கூடக்கூடிய வழிகளை எண்ணிப் பாருங்கள். வயர் அறுந்தால் கூடும். முனை பச்சை பூத்தால் கூடும். எஞ்சின் ஏர்த் துருப்பிடித்தால் கூடும். கசிவு வரக்கூடாது என்று சென்சரின் மரையில் வெள்ளை டேப்பைத் தடிப்பாகச் சுற்றி முடுக்கினால், ஏர்த் அந்த மரை வழியாகவே போவதால், அப்போதும் கூடும். எல்லாமே முள்ளைக் குளிர் பக்கம் இழுக்கின்றன. சூட்டுப் பக்கம் பொய் சொல்ல வேண்டுமானால் வயர் எங்காவது உரஞ்சி இரும்பில் தொட வேண்டும், அல்லது நான் மேலே சொன்ன தகரப் பெட்டி கெட வேண்டும்.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. சென்சர் தண்ணீருக்குள் மூழ்கி இருக்கும் வரைதான் தண்ணீரின் சூட்டைச் சொல்லும். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் வடிந்துவிட்டால் அது ஆவியிலும் காற்றிலும் தொங்கும். எஞ்சின் தீயாகக் காயும்போது முள் நடுவுக்கு இறங்கி வரலாம். ஏ9 இல் பாரத்தோடு போகும்போது ஏறிக்கொண்டிருந்த ஹீற் முள் திடீரென்று தானாக இறங்கினால் அது நல்ல செய்தி இல்லை. உடனே ஓரம் கட்ட வேண்டும். முறிகண்டியில் தேங்காய் உடைக்க எப்படியும் நிற்கும் சாரதிமார், இறங்கியதும் வண்டிக்கு அடியில் ஈரம் இருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்ப்பது நல்ல வழக்கம். எயார் கண்டிசன் இல்லாத கபினில் இருப்பவருக்கு மூக்கும் ஒரு மீற்றர்தான். வெந்த கூலண்டின் இனித்த மணம் முள்ளை முந்திவிடும்.

யாழ்ப்பாணத்துக்கே உரிய இன்னொன்று தண்ணீர். நமது கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் தோண்டியவை. கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படை றேடியேற்றரின் குழாய்களிலும் சென்சரின் பித்தளை மூக்கிலும் படிகிறது. றேடியேற்றர் அடைபடுவதால் எஞ்சின் உண்மையாகவே சூடாகிறது. சென்சரின் மேல் படை இருப்பதால் அந்தச் செய்தி பிந்திப் போகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதுதான் இதில் கொடுமை. கரையோரக் கிணற்று உவர்த் தண்ணீர் ஊற்றினால் அரிப்பும் சேரும். கூலண்ட் வாங்கக் கட்டாதென்றால் மாரியில் பிடித்துவைத்த மழைத் தண்ணீர் கிணற்றுத் தண்ணீரைவிட எவ்வளவோ மேல். துருவைத் தடுக்கும் வேலையை அது செய்யாது, ஆனால் சுண்ணாம்பு படியாது.

சென்சரைச் சோதிக்க ஒரு பழைய சட்டியும் தண்ணீரும் போதும். சென்சரைக் கழற்றி, மூக்கு மட்டும் தண்ணீரில் நனையப் பிடித்து, அடுப்பில் வைத்து, மல்ரிமீற்றரில் ஓம் சீராக இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் கொதிக்கும்போது கிடைக்கும் எண்ணை அந்த வகைக்குரிய அட்டவணையோடு ஒப்பிடலாம். முள் சொல்வது உண்மையா என்று ஓடும் எஞ்சினில் பார்க்க, எஞ்சினில் தேர்மோஸ்ராற் இருக்கும் கூட்டை நோக்கிப் பிடிக்கும் லேசர் வெப்பமானி நல்லது. கொரோனாக் காலத்தில் நெற்றிக்குப் பிடித்த வகையைக் கொண்டு வராதீர்கள். உடம்புச் சூட்டுக்கு மேல் அது பெரும்பாலும் எதுவும் சொல்லாது.

சார்ஜ் விளக்கு

பற்றரி படம் போட்ட இந்தச் சிவப்பு விளக்கை எல்லோரும் வெறும் அறிவிப்பு என்று நினைக்கிறார்கள். பல பழைய லொறிகளில் அது, எஞ்சினோடு சுழன்று மின் உண்டாக்கும் ஒல்ரனேற்றரின் ஒரு உறுப்பு. விளக்கின் ஒரு முனை சாவி வழியாகப் பற்றரிக்குப் போகிறது. மறுமுனை ஒல்ரனேற்றரில் டி பிளஸ் அல்லது எல் என்று குறித்த முனைக்குப் போகிறது. எஞ்சின் நிற்கும்போது விளக்கின் ஊடாகச் சிறிதளவு மின் ஓடி ஒல்ரனேற்றரின் சுழலிக்கு முதல் காந்தத்தைக் கொடுக்கிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஒல்ரனேற்றரே வோல்ற்றை உண்டாக்குவதால் விளக்கின் இரு பக்கமும் சமமாகி, மின் ஓட வழியின்றி விளக்கு அணைகிறது.

இப்போது பல்ப் கருகினால் என்ன ஆகும்? விளக்கு எரியாது, அதனால் எல்லாம் சரி என்று தோன்றும். முதல் காந்தம் கிடைக்காததால் ஒல்ரனேற்றரும் சார்ஜ் பண்ணாது, அல்லது நன்றாக அக்சிலேற்றர் கொடுத்த பிறகே பண்ணும். இரவு முழுக்க லைற் போட்டு ஓடி, விடியத் தம்புள்ளையில் ஸ்ராட் வராமல் நிற்கும்போதுதான் தெரியும். சில மீற்றர் பெட்டிகளில் பல்ப்புக்குப் பக்கத்தில் ஒரு தடை வைத்து இதைச் சமாளித்திருக்கிறார்கள், எல்லாவற்றிலும் இல்லை. அழகுக்காக எல்லா பல்ப்பையும் எல்ஈடி ஆக்குபவர்கள் கவனிக்க வேண்டிய இடமும் இதுதான். எல்ஈடி எடுக்கும் மின் மிகக் குறைவு. அந்த ஒரு இடத்தில் பழைய இழை பல்ப்பே இருக்கட்டும், சரியான வாற்றில்.

முழுதாக எரியாமல் மங்கலாகத் தணல்போல் கிடந்தால் ஒல்ரனேற்றருக்குள் மின்னை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோட் ஒன்று போயிருக்கலாம், அல்லது இடையில் ஒரு முனை துருப்பிடித்து வோல்ற் விழுகிறது. எஞ்சின் ஓடும்போது பற்றரி முனையில் 12 வோல்ற் வண்டிக்கு 13.8 முதல் 14.4 வரை, 24 வோல்ற் வண்டிக்கு 28 ஐ ஒட்டிக் காட்ட வேண்டும்.

ஓட்டத்தில் இந்த விளக்கு முழுதாக எரிந்தால், பற்றரிதானே, ஊருக்குப் போய்ப் பார்க்கலாம் என்று விடுவது பெரும் பிழை. பல எஞ்சின்களில் ஒல்ரனேற்றரைச் சுற்றும் அதே பெல்ற்தான் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுகிறது. பெல்ற் அறுந்தால் முதலில் பேசுவது சார்ஜ் விளக்கு. சூடு சில நிமிடம் கழித்துத்தான் ஏறும். எல்ஃப் போன்ற சிறிய ஜப்பானிய டீசல்களில் பிரேக்குக்கு உதவும் வக்கியூம் பம்பும் ஒல்ரனேற்றரின் முதுகிலேயே இருக்கும். பெல்ற் போனால் இரண்டு மூன்று மிதியில் பிரேக் கல்லாகிவிடும். பற்றரிப் படம் போட்ட விளக்கு பிரேக்கைப் பற்றியும் பேசக்கூடும் என்பது பல சாரதிமாருக்குத் தெரியாது.

ஒயில், காற்று, வேகம்

ஒயில் சுவிச் அமுக்கம் இல்லாதபோது ஏர்த்தில் தொட்டிருக்கும், ஏறத்தாழ 0.3 முதல் 0.5 பார் அமுக்கம் வந்ததும் விடும். பாரம் இழுக்கும் எஞ்சினுக்கு அந்த அளவு எந்த மூலைக்கும் போதாது. ஆகவே விளக்கு எரியவில்லை என்றால் ஒயில் அமுக்கம் நல்லது என்று பொருள் இல்லை. படுமோசம் இல்லை என்று மட்டுமே பொருள். சூடான எஞ்சினில் ஐட்லிங்கில் மினுக்கினால் சுவிச்சை மாற்றிப் பார்ப்பதைவிட, சுவிச்சின் இடத்தில் குழாயோடு வரும் இயந்திர மீற்றரைப் பூட்டிப் பார்ப்பதே சரியான வழி. நல்ல கராஜில் அது ஒன்று இருக்கும். சுவிச் மலிவு என்பதால் முதலில் அதை மாற்றி, விளக்கு அணைந்ததும் பணத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடும் கராஜுகளும் உண்டு. புதுச் சுவிச் கொஞ்சம் குறைந்த அமுக்கத்திலேயே விடும் வகையாக இருந்தாலும் விளக்கு அணையும், பேரிங் தேய்ந்தது தேய்ந்தபடியே இருக்கும்.

காற்று பிரேக் உள்ள பெரிய லொறிகளில் காற்று மீற்றர் பெரும்பாலும் மின்சாரமே இல்லாதது. பிரெஞ்சுக்காரர் எஜீன் பூர்டோன் 1849 இல் காப்புரிமை பெற்ற அதே வளைந்த குழாய்தான்: காற்று ஏறினால் குழாய் நிமிர முயலும், முள் நகரும். பற்றரியைக் கழற்றினாலும் உண்மை சொல்லும். அதற்குத் துணையாக உள்ள பசர் மின்சார வகை; காற்று 4 பார், அதாவது 60 பிஎஸ்ஐ சொச்சத்துக்குக் கீழே இறங்கினால் கத்தும். காலையில் டாங்கியில் காற்று இல்லாதபோது சாவியைத் திருப்பியதும் அது கத்துவது நல்லது, அதுவே அதன் சோதனை. அந்தச் சத்தம் பிடிக்காமல் வயரை வெட்டிவிட்ட லொறிகள் தெருவில் ஓடுகின்றன. இதைப் பற்றி மென்மையாகச் சொல்ல எனக்கு வரவில்லை: பத்துத் தொன் கல்லை ஏற்றிக்கொண்டு சந்தைக்கு நடுவால் போகும் வண்டியில் அது குற்றம்.

வேக மீற்றர் ஒப்பீட்டளவில் நேர்மையானது. கியர் பெட்டியில் இருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது, அது பக்கத்தில் உள்ள அலுமினியக் கிண்ணத்தைத் தொடாமலே இழுக்கிறது. கேபிள் அறுந்தால் முள் பூச்சியத்தில் கிடக்கும், யாரும் ஏமாற மாட்டார்கள். முள் நடுங்கினால் கேபிள் காய்ந்துவிட்டது அல்லது எங்கோ அதிகம் வளைந்திருக்கிறது. மெல்லிய கிறீஸ் பூசலாம், ஆனால் மீற்றர் பக்கத்து முனையில் சில அங்குலம் விட்டுவிட வேண்டும்; இல்லாவிட்டால் கிறீஸ் சுழன்று மேலேறி மீற்றருக்குள் போகும். பெரிய ரயர் போட்டால் மட்டும் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும்.

மீற்றர் பெட்டியின் முதுகு

பெட்டியைக் கழற்றுமுன் பற்றரியின் நெகற்றிவ்வைக் கழற்றிவிடுங்கள். பெட்டிக்குப் பின்னால், குறிப்பாக ஜப்பானிய வகைகளில், வயருக்குப் பதிலாகச் செம்புக் கோடுகள் ஓடும் மெல்லிய பிளாஸ்ரிக் தாள் இருக்கும். உப்பு இந்தக் கோடுகளைத் தின்னும். பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்தால் பல இடங்கள் உயிர்பெறும். அறுந்த கோட்டுக்கு மெல்லிய வயரை ஈயம் வைத்துப் பாலம் போடலாம், பற்றாசுக்கோல் தாளில் அதிக நேரம் நிற்கக் கூடாது. பல்ப் போடும்போது வண்டி 12 வோல்ற்றா 24 ஆ என்று பாருங்கள். 24 வோல்ற் பல்ப்பை 12 இல் போட்டால் எரியும், ஆனால் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. எச்சரிக்கை விளக்குக்கு அது இல்லாததற்குச் சமம். வெளிச்சம் போதவில்லை என்று கூடிய வாற் போட்டால் பிளாஸ்ரிக் உருகும்.

பழைய லொறி வாங்கப் போகிறவர்களுக்கு மேலே சொன்னதெல்லாம் ஒரு நிமிடச் சோதனையாகச் சுருங்கிவிடும். எஞ்சினை ஸ்ராட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். ஒயில் விளக்கும் சார்ஜ் விளக்கும் எரிய வேண்டும். காற்று பிரேக் என்றால் பெடலைப் பலமுறை மிதித்துக் காற்றை இறக்கி, பசர் கத்துகிறதா என்று கேளுங்கள். ஹாண்ட்பிரேக்கை இழுத்தால் எரியும் விளக்கே பல வண்டிகளில் பிரேக் எண்ணெய் குறைந்தாலும் எரிவது. அது எரிந்தால் பல்ப்பாவது உயிரோடு இருக்கிறது. மீதியை அறிய எண்ணெய்ப் போத்தலின் மிதவையைக் கீழே அழுத்த வேண்டும். சூட்டுக்குத் தனி விளக்கு உள்ள வண்டிகளில் பெரும்பாலும் அதற்கு இப்படியான சோதனை எதுவும் கிடையாது, சாவி திருப்பும்போதும் எரியாது. அந்தச் சுவிச்சின் வயரைக் கழற்றி இரும்பில் தொட்டுப் பார்த்தால்தான் உண்டு. சேர்விசுக்கு விடும் ஒவ்வொரு முறையும் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.